ஆகுபெயரும் அணியும்: ‘மதராசி கேம்ப்’ என்னும் பெயரை முன்வைத்து ஒரு நோக்கு

0. முன்னுரை

செய்யுள் பயிற்றும் வகுப்புகளில் நெடுங்காலமாக நின்று வரும் வினா ஒன்று உண்டு. ஒரு பாடலைத் தந்து, அதில் பயின்று வந்துள்ள அணி யாது என்று கேட்பதே அவ்வினா. மாணவர் அணியின் பெயரை எழுதுவர். அதன் இலக்கணத்தைக் கூறுவர். பாடலோடு பொருத்திக் காட்டுவர். இம்மூன்றும் அமைந்துவிட்டால் விடை நிறைவுற்றதாகக் கொள்ளப்படுகிறது. அந்த அணி பாடலின் பொருளுக்கு என்ன செய்கிறது, அது இல்லையெனில் எது குறைபடும் என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. இதனால் இலக்கியக் கலைச்சொற்கள் பொருளை விளக்கும் கருவிகளாக இல்லாமல், பாடலின்மீது ஒட்டப்படும் பெயர்ச்சீட்டுகளாக நின்றுவிடுகின்றன.

கலைச்சொல் ஒரு கருவியெனின், அது செய்யுளுக்கு வெளியேயும் பயன்படுதல் வேண்டும். இக்கட்டுரை அதனைச் சோதித்துப் பார்க்கிறது. சோதனைக்கு எடுத்துக்கொள்வது பாடல் அன்று, ஓர் இடப்பெயர். தென்கிழக்குத் தில்லியில் ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா வடிகாலின் கரையில், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த குடியிருப்பு ‘மதராசி கேம்ப்’. தில்லி உயர்நீதிமன்றத்தின் 2025 மே மாத ஆணையைத் தொடர்ந்து, 2025 சூன் 1ஆம் நாள் அது இடித்து அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்தன. அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. மழைக்காலத்தில் வடிகாலின் நீரோட்டம் தடைப்பட்டுச் சுற்றுப்பகுதிகளில் நீர் தேங்குவது ஆணைக்குரிய காரணமாகக் காட்டப்பட்டது. அக்காரணத்தை மறுப்பதோ ஏற்பதோ இங்கு நோக்கமன்று. அவ்விடத்தையும் மக்களையும் சுட்டிய சொற்கள் எவ்வாறு இயங்கின என்பதே நோக்கம்.

1. கலைச்சொற்களின் சொல்லமைப்பு

தமிழ்ச் செய்யுளியற் கலைச்சொற்கள் கடினமானவை என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. அவற்றின் பகுதிகளை நோக்கினால் உண்மை வேறாகத் தெரிகிறது. ‘யாப்பு’ என்பது யாத்தல், அதாவது கட்டுதல் என்னும் வினையினின்று பிறந்தது. ‘தளை’ விலங்கினைக் காலிற் பிணிக்கும் கட்டு. ‘தொடை’ பூத்தொடுத்தலில் உள்ள தொடுத்தலே. ‘அடி’ உடலின் உறுப்பு. ‘அசை’ அசைதல். ‘அணி’ அணிதல். இவற்றுள் ஒன்றேனும் ஏட்டிலிருந்து மட்டும் அறியத்தக்கதன்று. வீட்டிலும் தெருவிலும் தொழிலிலும் வழங்குவன. பல்வகைத் தாதுக்களால் உயிர்க்கு இடமாக உடல் அமைவது போலப் பல சொற்களால் பொருளுக்கு இடமாகச் செய்யுள் அமைகிறது என்று நன்னூல் கூறும் ஒப்புமையும் இத்தகையதே.

எனவே தமிழில் கலைச்சொல்லே ஓர் ஒப்புமை. பழகிய செயல் ஒன்றைக் காட்டிப் பழகாத ஒன்றை அறிவிக்கிறது. தளை என்பதைச் ‘சீரும் சீரும் ஒன்றியும் ஒன்றாதும் வருவது’ என்று மட்டும் மனனம் செய்யும் மாணவர்க்கு, கட்டு என்னும் பொருள் மறைந்துபோகிறது. கட்டு என்று அறிந்தவர்க்கு, இருசீர்களை எது பிணைக்கிறது என்னும் வினா தானே எழும். கலைச்சொல்லின் விளக்கம் பெரும்பாலும் கலைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பயிற்றுமுறை அதனைக் கைவிட்டதே கடுமை தோன்றுவதற்குக் காரணம்.

2. ஆகுபெயர் அணியன்று

கலைச்சொற்களுள் ஆகுபெயர் தனிக் கவனத்திற்குரியது. தொல்காப்பியம் இதனைச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியலில் வைத்துள்ளது. உவமையோ பொருளதிகாரத்தில் தனி இயலாக அமைகிறது. நன்னூலும் ஆகுபெயரைப் பெயரியலில்தான் கூறுகிறது. பிற்காலத்தில் தண்டியலங்காரம் 35 பொருளணிகளையும், மாறனலங்காரம் 64 அணிகளையும் வகுத்தபோதும், ஆகுபெயர் இலக்கணத்திற்குரியதாகவே நின்றது.

இவ்வைப்புமுறை பொருளற்றதன்று. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றைச் சுட்டுவது புலவன் செய்யும் அழகு அன்று, மொழி இயங்கும் இயல்பு என்பது அதன் கருத்து. ‘தில்லி முடிவு செய்தது’ என்பவர் கவிதை சொல்லவில்லை. ஊரின் பெயரால் அரசைச் சுட்டுகிறார். ‘வெள்ளை அடித்தார்’ என்பவர் பண்பின் பெயரால் சுண்ணாம்பைச் சுட்டுகிறார். ரோமன் யாக்கோப்சன் 1956இல் வெளியிட்ட கட்டுரையில், ஒப்புமையையும் அடுத்திருத்தலையும் மொழியின் இரு துருவங்களாக வகுத்து, இரண்டாவதை ஆய்வாளர் புறக்கணித்துள்ளனர் என்று சுட்டினார். ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல், உருவகமும் ஆகுபெயரும் கவிதைக்கு மட்டும் உரியன அல்ல, அன்றாடச் சிந்தனையின் அமைப்பே அவற்றால் ஆனது என்று வாதிட்டனர். ஆகுபெயரைப் பொறுத்தவரை தமிழிலக்கணம் இதனை விவாதமாக ஆக்கவில்லை, வைப்புமுறையாலேயே காட்டியிருக்கிறது.

நன்னூல் ஆகுபெயருக்கு இரு வரையறைகளைத் தருகிறது. ஒன்று, இரு பொருள்களுக்கிடையே இயைபு இருத்தல் வேண்டும். மற்றொன்று, அவ்வழக்குத் தொன்றுதொட்டு வருதல் வேண்டும். இவ்விரண்டும் பின்வரும் ஆய்வுக்கு அடிப்படையாகின்றன.

3. பெயரின் படிநிலைகள்

3.1. மதராசி

‘மதராசி’ என்பது மதராஸ் என்னும் இடப்பெயரோடு இந்தி ஈறு சேர்ந்து அமைந்த பெயர். சொல்லமைப்பு நோக்கில், மதுரையான் என்பது போல இடமடியாகப் பிறந்த பெயர்ப் பகுபதம். பொருள் நோக்கிலோ அது பல படிகளைக் கடந்து வந்துள்ளது. நகரின் பெயர் மாகாணத்தின் பெயரானது முதற்படி. மாகாணத்தாரைச் சுட்டிய சொல் வடபுலத்தார் வழக்கில் தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் அனைவரையும் சுட்டியது இரண்டாம் படி. பகுதியின் பெயர் முழுமையைச் சுட்டும் இதனைத் தொல்காப்பியர் வகுத்த ‘சினையிற் கூறும் முதலறி கிளவி’யோடு ஒப்பிடலாம்.

1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தன. 1969 சனவரி 14 முதல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு. 1996இல் நகரின் பெயரும் சென்னை ஆயிற்று. மூலப்பெயர் நகருக்கும் இல்லை, மாநிலத்திற்கும் இல்லை. அதினின்று பிறந்த பெயர் மட்டும் நிலைத்துள்ளது. இயைபு அறுந்த பின்னும் வழக்கு நிற்கிறது. பொருள் தன்னோடு பொருந்திவரும் ஆகுபெயரையும், பொருத்தமில்லாத வழியால் பிறிது பொருள் சுட்டும் ஆகுபெயரையும் தொல்காப்பியர் வேறு பிரித்துக் கூறுவது இங்கு நினையத்தக்கது.

தொல்காப்பியர் கூறும் ஏழு வகைகளுள் ‘பிறந்தவழிக் கூறல்’ என்பதும் ஒன்று. பொருள் பிறந்த இடத்தின் பெயரால் அப்பொருளைச் சுட்டுவது அது. குழிப்பாடி என்னும் ஊரிற் பிறந்த ஆடையைக் ‘குழிப்பாடி’ என்பதை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். ஆடைக்கு இப்பெயரால் இழுக்கொன்றும் இல்லை. மக்களுக்கு இடும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. குடியிருப்பில் முதலில் வந்து தங்கியவர்களுக்குப் பிறந்தவழி தமிழகம். அவர்தம் பிள்ளைகளுக்கும் பெயரர்களுக்கும் பிறந்தவழி தில்லியே. எனினும் பெயர் மூன்றாம் தலைமுறையையும் பிறவாத ஊரால் அழைத்தது.

3.2. கேம்ப்

‘கேம்ப்’ என்பது தங்கிச் செல்லும் இடம். தமிழ்ச் செய்யுள் மரபில் இதற்கு நிகரானது பாசறை. முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் பாசறையைப் பாடுவன. அம்மரபில் பாசறைக்கு நிலையான பொருளொன்று உண்டு: வினைமுடித்துத் திரும்புவோன் தங்குமிடம் அது, அவனுக்காகக் காத்திருக்கும் இல்லம் வேறோர் இடத்தில் உள்ளது. இல்லம் இன்றேல் பாசறை என்னும் சொல்லுக்குப் பொருள் இல்லை.

தில்லியில் இச்சொல்லின் வரலாறு வேறு. கிங்ஸ்வே கேம்ப் 1911ஆம் ஆண்டின் அரச தர்பாரோடு தொடர்புடைய பெயர். 1947இல் அது பிரிவினையால் வந்தோர்க்குரிய முகாமாயிற்று. முகாம் நீங்கிய பின்னும் பெயர் பகுதியின் பெயராக நின்றது. கால்காசிப் பகுதியில் பூமிஹீன் கேம்ப், நவஜீவன் கேம்ப் என்னும் பெயர்களும் வழங்கின. முதலாவது நிலமற்றோரைக் குறிக்கும். இரண்டாவது புதுவாழ்வைக் குறிக்கும். மக்கள் அவற்றில் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். வீடு, கடை, திருமணம், மகப்பேறு, இறப்பு ஆகிய அனைத்தும் நிகழும் இடத்தை ‘கேம்ப்’ என்பது, நிலையானதை நிலையற்றதன் பெயரால் கூறுவதாகும்.

இரண்டையும் சேர்த்து நோக்கின் தொடரின் தொழில் விளங்கும். முன்மொழி, ‘இவர் வேறிடத்தினர்’ என்கிறது. பின்மொழி, ‘இவர் தங்கிச் செல்வோர்’ என்கிறது. இவற்றுள் எதுவும் வாதமாகக் கூறப்படவில்லை. வாதமாகக் கூறினால் மறுக்க இயலும். பெயரில் அடங்கிய கருத்தை, பெயரைச் சொல்லும் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்டே பேசவேண்டியுள்ளது.

3.3. பாராபுல்லா

ஒப்பிட்டு நோக்க, அருகிலிருக்கும் பெயரொன்றே போதுமானது. பாராபுல்லா என்பது முகலாய வேந்தர் ஜஹாங்கீர் காலத்துப் பாலம். பன்னிரண்டு தூண்களும் பதினொரு வளைவுகளும் உடையது; பன்னிரண்டு என்னும் எண்ணே பெயருக்குக் காரணம் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். பாலத்தின் பெயர் அதன்கீழ் ஓடும் வடிகாலுக்கு ஆயிற்று. வடிகாலின்மீது 2010இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளையொட்டி அமைந்த உயர்மட்டச் சாலைக்கும் அப்பெயரே ஆயிற்று. இங்கு இயைபு அறவில்லை. பாலமும் வடிகாலும் சாலையும் அடுத்தடுத்தே உள்ளன. பெயர் புதிய பொருள்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் ஓர் ஆகுபெயர் பாலத்தையும் சாலையையும் இடத்தோடு பிணைத்தது. மற்றொன்று மக்களை இடத்தினின்று பிரித்தது. இவ்வேறுபாட்டை ‘இடவாகுபெயர்’ என்று விடையெழுதி முடிப்பவர் காணமாட்டார். இயைபு யாது, வழக்கு யாருடையது என்று வினவுபவரே காண்பார்.

4. நிகரன்களின் போதாமை

இருபதாம் நூற்றாண்டில் மேலைத்திறனாய்வுச் சொற்களுக்குத் தமிழ் நிகரன்கள் பல ஆக்கப்பட்டன. படிமம், குறியீடு, தொன்மம், இருண்மை ஆகியன புதுக்கவிதைத் திறனாய்வோடு நிலைபெற்றன. அவை தேவையால் எழுந்த ஆக்கங்கள், பயனும் தந்தன. பழைய சொல்லைப் புதிய கருத்துக்கு நிகராக வைத்த இடங்களில்தான் மயக்கம் நேர்ந்தது.

மெட்டஃபர் என்பதற்கு உருவகம் நிகரன் என்பது பொதுவழக்கு. தண்டியலங்காரம் கூறும் உருவகத்தில் உவமையும் பொருளும் ஒன்றென இயைக்கப்படும். இரண்டும் தொடரில் வெளிப்பட நிற்பதே பெருவழக்கு. தாமரைமுகம் என்பது உவமைத்தொகை. முகத்தாமரை என்பது உருவகம். சொற்கள் அவையே, வரிசை மாறியதால் பொருள் மாறியது. ஒரு பொருளைக் கூறாது விட்டு ஒத்த பிறிதொன்றைக் கூறி உணரவைப்பதைத் தண்டி ஒட்டு என்றார். பின்னர் அது பிறிதுமொழிதல் எனப்பட்டது. உவமையாகுபெயர் இன்னொன்று. மேலைச்சொல் இம்மூன்றையும் உள்ளடக்கும். நிகரன் ஒன்றையே கொண்டால், தமிழ் மரபு பிரித்துக் காட்டிய மூன்று வழிகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

உள்ளுறைக்கும் இதுவே நேர்ந்தது. அதனை மறைமுக உவமை என்று சுருக்கிக் கூறுவது வழக்கம். ஏ.கே. இராமானுசன், உள்ளுறை ஒப்புமையைவிட அடுத்திருத்தலையே மிகுதியும் சார்ந்தது என்று விளக்கியது இங்கு உதவும். தலைவியின் நிலத்திலேயே இருக்கும் பறவையும் மீனும் அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கத்தைச் சுட்டுகின்றன. வேறோர் உலகத்திலிருந்து கொண்டுவந்த ஒப்புமைகள் அல்ல அவை; உடன் வாழ்வன. ஆகுபெயருக்கும் உள்ளுறைக்கும் அடிப்படை ஒன்றே என்பது இதனாற் பெறப்படும். இவ்வுறவு நிகரன் அட்டவணைகளில் இடம்பெறுவதில்லை.

5. ஆவண மொழியும் தகுதி வழக்கும்

நன்னூல் வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாக்கி, தகுதி வழக்கின்கண் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்னும் மூன்றையும் அடக்கும். இவை மூன்றும் பெரும்பாலும் இறந்தாரைத் துஞ்சினார் என்பது போன்ற எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடுகின்றன. ஆட்சிமொழியை ஆராய இவற்றினும் பொருத்தமான கருவி அரிது.

குடியிருப்பு அகற்றப்படுவதை ‘மறுவாழ்வு’ என்னும் சொல்லால் கூறுவது மங்கலம். வீடு என்பதை ‘ஜுக்கி’ என்றும், ஊர்போல் அமைந்ததை ‘ஜே.ஜே. கிளஸ்டர்’ என்றும் ஆவணங்கள் வழங்குவது குழூஉக்குறி. அத்துறையினர்க்கு மட்டும் பொருள் தெளிவாக விளங்குவது. ‘தகுதி’ என்னும் சொல்லும் இவ்வகையினதே. தில்லியின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையின்படி, குடியிருப்பு 2006 சனவரி 1க்கு முன்பும், அதனுள் அமைந்த வீடு 2015 சனவரி 1க்கு முன்பும் இருந்திருத்தல் வேண்டும்; ஆவணங்களும் வேண்டும். இங்குத் தகுதி என்பது மனிதரின் பண்பைக் குறிப்பதன்று. தாள் ஒன்றின் நாளைக் குறிப்பது. பண்புச்சொல்லின் வடிவில் நிற்பதால், தகுதியற்றோர் என்னும் எதிர்மறை மனிதர்மேல் ஏறி நிற்கிறது.

தமிழ்நாடு திரும்ப விரும்புவோர்க்கு வேண்டிய உதவி செய்யப்படும் என்று தமிழக அரசு 2025இல் அறிவித்தது. நன்னோக்கம் உடைய அறிவிப்பு அது. அதிலும் ‘திரும்பு’ என்னும் வினை நோக்கத்தக்கது. திரும்புதல் முன்பு அங்கிருந்தமையை முற்கோளாகக் கொள்ளும். தில்லியில் பிறந்தவர்க்கு அது திரும்புதல் அன்று; புதிதாகச் செல்லுதல். பெயரில் இருந்த ‘பிறந்தவழி’யும் பாசறைப் பொருளும் இவ்வினையிலும் தொடர்கின்றன. அகற்றுவோர் மொழியும் உதவுவோர் மொழியும் இப்புள்ளியில் ஒரே முற்கோளைப் பகிர்ந்துகொள்கின்றன.

இங்கு மரபிலக்கணத்தின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். ஆகுபெயருக்குத் தொன்முறை வழக்கே சான்று என்கிறது நன்னூல். வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்பது தொல்காப்பிய மரபியலின் கருத்து. பெயரிடுவோர் யார், பெயரிடப்படுவோர் யார் என்னும் வினாவை இவை எழுப்பவில்லை. கருவி கூரியது, ஆனால் எங்கு வைத்து அறுப்பது என்பதைப் பயன்படுத்துவோரே முடிவு செய்யவேண்டியுள்ளது. அணிகளின் தொகையைப் பெருக்கிய பிற்காலத்தார் இவ்வினாவைத் தொடர்ந்திருப்பின் பயன் மிகுந்திருக்கும்.

பெயரை ஏற்றுக்கொண்டவர்களின் நிலையும் ஒருமுகமானதன்று. பிறர் இட்ட பெயராயினும் அதுவே அவர்தம் முகவரியாயிற்று. வாக்காளர் பட்டியலிலும் பிற ஆவணங்களிலும் அப்பெயர் இருந்தமையே, அவ்விடத்தில் வாழ்ந்தமைக்குச் சான்றாகவும் அமைந்தது. தங்கிச் செல்வோர் என்று கூறிய பெயரே, நெடுங்காலம் தங்கியமைக்குச் சான்று பகர்ந்தது. ஒரு பெயர் இருவேறு திசைகளில் பொருள் தரும் இந்நிலையை முரண் என்றும் அங்கதம் என்றும் உடனே பெயரிட்டு முடித்துவிடலாகாது. இரண்டு பொருளும் மெய்யாதலை உணர்தலே வாசிப்பு.

6. பயிற்றுமுறைக்குரிய கருத்து

குடியிருப்பின் பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் தமிழ் பயின்று வந்தவர்கள். மாற்று வீடுகள் தரப்பட்டுள்ள நரேலா, தலைநகரின் வடகோடியில் உள்ளது; அக்கழகத்தின் பள்ளிகள் எதுவும் அங்கு இல்லை. எனவே இழப்பு வீட்டோடு நிற்கவில்லை. தம் பெயரைப் பகுத்தறியும் கருவி எம்மொழியில் உள்ளதோ அம்மொழியைக் கற்கும் இடமும் அவர்க்குத் தொலைவாயிற்று.

அத்தகைய மாணவர்க்குக் கருப்பொருளைக் கற்பிக்கும்போது, காணாத பூக்களின் பட்டியலை மட்டும் தருவது போதாது. குறிஞ்சியும் நெய்தலும் கற்கவேண்டியனவே. அவற்றைக் கற்பதற்குரிய வழி, நிலமும் அதில் வாழ்வனவும் மாந்தரின் நிலையைச் சுட்டும் என்னும் நெறியை முதலில் உணர்த்துவது. வடிகாலும், பழைய பாலமும், மேலே செல்லும் சாலையும், நிஜாமுதீன் நிலையத்துத் தொடர்வண்டிகளும் கண்முன் இருந்தவை. இவற்றுள் எது எதனைச் சுட்டும் என்று கேட்டால், உள்ளுறையின் இலக்கணத்தை மாணவர் தாமே கூறுவர். அதன்பின் சங்கப் பாடலின் பறவையும் மீனும் அயலாகத் தோன்றா. ஆகுபெயரைக் கற்பிக்கவும் வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. முகவரியின் முதற்சொல்லே போதும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. தமிழ்ச் செய்யுளியற் கலைச்சொற்கள் அன்றாட வினைகளினின்று பிறந்தவை. அவ்வழியே கற்பிக்கப்படின் எளிமையுறும். ஆகுபெயரை அணியினின்று பிரித்து இலக்கணத்தில் வைத்தமை, பொருள் மாற்றம் மொழியின் இயல்பு என்னும் கருத்தைக் காட்டுகிறது. மேலை நிகரன்களால் இவ்வேறுபாடு மறைதல் கூடாது. இக்கருவிகள் செய்யுளுக்கு மட்டும் உரியன அல்ல. ஆணை, பட்டியல், அறிவிப்பு, முகவரி ஆகியவற்றின் மொழியையும் திறக்க வல்லன.

‘மதராசி கேம்ப்’ என்னும் குடியிருப்பு இன்று இல்லை. பெயர் செய்திகளிலும் ஆவணங்களிலும், அங்கு வாழ்ந்தோரின் பழைய அட்டைகளிலும் உள்ளது. பொருள் நீங்கியபின் எஞ்சும் பெயரை என்ன வகையில் அடக்குவது என்பதற்கு நன்னூலில் விடையில்லை. அவ்வினாவை எழுப்பும் அளவிற்குக் கலைச்சொல்லைப் பயன்படுத்தக் கற்ற மாணவர், ‘பயின்று வந்துள்ள அணி யாது’ என்னும் வினாவைக் கடந்துவிட்டவராவர்.